கார்த்திகை பன்னிரண்டாம் தேதி

காலையில் பல் துலக்கிய வாயோடு பச்சைமுத்து நேரே தொட்டிக்குத்தான் போவார். ஆள்காட்டி விரலை நனைத்து நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கல்யாணச் சமையற்காரர் சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற அதே முகம். "ஏறிக்கினு போவுது" என்றால் ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்குள் விழும். "செரியாக்கீது" என்றால் அவருக்கு அப்புறம்தான் காப்பி இறங்கும். மரக்காணத்துக் கடலின் ருசி நாக்கிலேயே பதிந்துபோன மனிதர். ஆனால் வீட்டுக் குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று மூன்றரை வருஷமாக அவர் வாயைத் திறந்து சொன்னதில்லை. உப்பே போடாவிட்டாலும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

திண்டிவனத்தில் மரக்காணம் சாலை பிரிகிற இடத்தில் அவருடைய சைக்கிள் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே ஜன்னல் வைத்த ஓர் அறை. அந்த அறையில்தான் தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். இரும்புச் சட்டத்துக்கு நான்கு தரம் தார் பூசி, கண்ணாடி பதித்து, ஓரங்களை மறுபடியும் தாரால் அடைத்திருக்கிறார். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும் என்பதை முதல் தொட்டி அவருக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு மத்தியானம் அது பிளந்துகொண்டபோது, வாடகை சைக்கிள் எடுக்க வந்திருந்த கிராம முன்சீப் முழங்கால்வரை நனைந்து, "என்னய்யா, கடை நடத்துறியா, கப்பல் நடத்துறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தொட்டி மேசைக்கு அடியில் ஒரு பழைய லாரி டியூப் கொழுத்துக் கிடக்கும். அதன் வாயிலிருந்து சன்னமான ரப்பர் குழாய் ஒன்று தண்ணீருக்குள் போகிறது. குழாயை ஒரு திருகாணி நெரித்துப் பிடித்திருப்பதால் காற்று பொட்டுப் பொட்டாக வரும். காலையில் ஒரு தரம், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தரம் டியூபுக்குப் பம்ப் அடிப்பார். "மீனுக்கும் காத்து வேணுமில்ல? சைக்கிள் கடைக்காரன்கிட்ட காத்துக்கு இன்னா பஞ்சம்?" என்பார். தீனிக்கும் பஞ்சமில்லை. பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு நெளிகிறது. மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்ன சுகாதார இன்ஸ்பெக்டரிடம், "அது எம் மீனோட சோறு சார், அதுல ஊத்தச் சொல்றீங்களே" என்று அழாத குறையாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொட்டியைப் பார்க்க உள்ளே போனவர், அரை மணி நேரம் கழித்து எதற்கு வந்தோம் என்பதை மறந்து வெளியே வந்தார்.

கடல் தண்ணீர் உப்பு லாரியில் வருகிறது. லாரி ஓட்டுகிற சின்னதுரை, பேட்டரிக்கு ஆசிட் வருகிற பெரிய கண்ணாடிச் சாடிகள் இரண்டில் நிரப்பி, வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்து இறக்குவான். ஆரம்பத்தில் பச்சைமுத்து இந்த வம்பெல்லாம் இல்லாமல் கிணற்றுத் தண்ணீரில் மரக்காணத்துக் கல்லுப்பைக் கரைத்துப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் மீனெல்லாம் மல்லாந்துவிட்டன. "உப்புன்னா எல்லாம் ஒரே உப்புன்னு நெனச்சிட்டேன். நமக்கு அம்மாந்தான் புத்தி" என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார். தம்முடைய மடத்தனங்களைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது, ஒன்றைத் தவிர.

மீன்களைக் கொண்டுவருகிறவள் சவுரியம்மாள். மரக்காணத்திலிருந்து கூடையோடு வந்து சந்தையில் உட்காருகிறவள். வலையில் மாட்டுகிற பொடிசுகளில் உயிரோடு இருப்பதை ஒரு மண் கலயத்தில் போட்டு மூடிக் கொண்டுவருவாள். அப்படி வந்ததுதான் இந்த ஜாதி. விரல் நீளம், உடம்பில் நெடுக்காகக் கறுப்புக் கோடு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். குழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது என்று மீனவர்கள் மணலில் வீசிவிடுகிற மீன். அதற்கு ஒரு பெயர்கூட யாரும் வைக்கவில்லை.

பச்சைமுத்துவின் வாழ்க்கையில் பாதி இந்தப் பெயரில்லாத மீனுக்கு முன்னால் கழிகிறது. கடைக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு டயர் மாட்டிக் கொடுத்துவிட்டு, "ஒரு நிமிட்டு உள்ள வாங்க" என்று அழைத்துப்போவார். "அத்தோ, அந்தத் தாடை பொடச்சவன் தெரியறானா? அவன்தான் அப்பன். முட்ட வுடறது அவ. அடகாக்கறது இவன். எங்க தெரியுமா? வாய்க்குள்ள. எட்டு நாளு சோறு கெடயாது. எதுக்க கொசுப்புழு போனாக்கூட மூஞ்சத் திருப்பிக்குவான். வாயத் தொறந்தா புள்ளைங்க போயிடுமில்ல?" எட்டாம் நாள் குஞ்சுகள் தூசி மாதிரி வெளியே வருவதையும், இரண்டு நாளைக்கு மேல் ஒன்றும் நிற்காமல் போய்விடுவதையும் சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துண்டால் துடைப்பார்.

ஆனால் இந்தப் பிரசங்கத்தின் நடுவே வீட்டுப் பக்கமிருந்து வளையல் சத்தம் கேட்டால் போதும், பேச்சு அறுந்துவிடும். "முன் சக்கரத்துல ஒரு கம்பி தளதளங்குது, பாத்துடலாம் வாங்க" என்று வந்தவரைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போவார். ஆண் மீனின் தாடை புடைத்திருக்கிற எட்டு நாளும் வீட்டுப் பக்கக் கண்ணாடியில் ஒரு கோணி தொங்கும். கேட்டால், "மீனு மெரளுது" என்பார். மீன் மிரண்டதே இல்லை. மனைவி கிருஷ்ணவேணி அந்த வாயைப் பார்த்துவிடக் கூடாதே என்று மிரண்டவர் அவர்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் நடந்தது அது. தொட்டி வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். சவுரியம்மாள் இரண்டையும் செய்தாள். "கடல் மீனு பொட்டியில உசுரோட கெடக்கறதே பெரிசு. முட்டயும் வுடுமா? வுட்டுதுன்னா எங்கூடைய நீ தூக்கிக்க, நானு உங்கடயில உக்காந்து பஞ்சர் ஒட்டறேன்" என்று சந்தையில் பத்துப் பேர் நடுவே சொல்லியிருந்தாள். பச்சைமுத்துவுக்கு அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை. பெட்டை மீனின் அடிவயிற்றிலிருந்து இளஞ்சிவப்பாய், சுண்டைக்காய் அளவில் முட்டைக் கட்டி ஒன்று பாதி வெளியே தள்ளிக்கொண்டு நின்றதைக் கண்டார். பக்கத்து டீக்கடைப் பெரியதம்பியையும், கடை வாசலில் இருந்த இன்னும் மூன்று பேரையும் இழுத்துவந்தார். அவர்கள் குனிந்து பார்ப்பதற்குள், "யாரும் கிட்டப் போவாதீங்க, மெரண்டுடும். வெளிய நில்லுங்க. அந்த சவுரியம்மாளக் கையோட இட்டாறேன்" என்று சந்தைக்கு ஓடினார். செதில் ஒட்டிய கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், முட்டை இல்லை. மணலில் இல்லை, கிளிஞ்சல் இடுக்கில் இல்லை, எங்கும் இல்லை.

"மதுவெலக்கு இருக்கறப்பவே இப்பிடின்னா, இல்லாட்டி இன்னா கெதியாவறது?" என்றார் பெரியதம்பி. எல்லாரும் சிரித்தார்கள். சவுரியம்மாள் உரக்கவே சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்புறத்திலிருந்து கழுவிய பாத்திரங்களோடு கிருஷ்ணவேணி அறைக்குள் வந்தாள். அவளுக்குத் தொட்டி ஆகாது. கவிச்சி அடிக்கிறது, ஒரு நாளைக்கு எல்லாவற்றையும் வாரி ரோட்டில் ஊற்றிவிடப் போகிறேன் என்று எத்தனையோ தரம் சொன்னவள். அவள் கை முழங்கைவரை ஈரமாக இருந்தது. பச்சைமுத்துவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"தொட்டியில கைய வுட்டியா?"

"நான் ஏன் வுடறேன்? பாத்திரம் கழுவிக்கினு வர்றேன், தெரியல?"

"அப்ப முட்ட எங்க?"

"என்னியக் கேட்டா? உங்க மீனக் கேளுங்க."

அவள் சொன்னதைத்தான் அவர் செய்திருக்க வேண்டும். முட்டை நான்கு விரற்கடை தூரத்தில், அந்த ஆண் மீனின் வாய்க்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் அவள் பதிலைக் கேட்டு வாசலில் நின்றவர்கள் இன்னொரு தரம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பச்சைமுத்துவுக்குக் கண் மண் தெரியவில்லை. கடையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த சூடத்தில் ஐந்து கட்டிகளை எடுத்தார். ஒரு தகர மூடியில் வைத்துக் கொளுத்தி, "அணைச்சி சத்தியம் பண்ணு" என்றார்.

"வாணாம் பச்சமுத்து. பொம்பளகிட்ட சத்தியம் வாங்காத, குடும்பத்துக்கு ஆவாது" என்றாள் சவுரியம்மாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. கிருஷ்ணவேணி பாத்திரங்களைக் கீழே வைத்தாள். புருஷனை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். எரிகிற சூடத்தின் மேல் வலது கையை வைத்து அடித்தாள். அடித்த கையை உடனே எடுக்கவும் இல்லை. "நான் தொடல" என்றாள்.

அந்தப் பக்கத்தில் சூடம் அணைத்தவரை அதற்குமேல் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கொலைகாரனையே கேட்க மாட்டார்கள். பச்சைமுத்து கேட்டார். "இங்க அணைச்சிட்டா ஆச்சா? திருவக்கரைக்கு வந்து ஆத்தா முன்ன சொல்லுவியா?" என்றார். பெரியதம்பி வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் கிருஷ்ணவேணி கைக்கு வாழைச்சாறு போட்டுத் துணி சுற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் தேவநாதன் அங்கே ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பச்சைமுத்து செய்ததை நினைத்தால் அவருக்கே இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. ஆண் மீன் இரை எடுக்கவில்லை. மூலையில் ஒதுங்கி நின்றது. தாடை வீங்கியிருந்தது. "பாருங்க, பெத்த மனசு. புள்ளைங்களப் பறிகுடுத்துட்டு அழுதழுது மூஞ்சி வீங்கிப் போச்சு. சோறு எறங்கல" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டினார். ஐந்தறிவு ஜீவனுக்கு இருக்கிற ஈரம் சில பேருக்கு இல்லையே என்று பெருமூச்சும் விட்டார். இரண்டு பேர் சேர்ந்துகொண்டு உச்சுக் கொட்டினார்கள்.

கார்த்திகை பன்னிரண்டு, வியாழக்கிழமை. மழை பிடித்துக்கொண்டதால் கடையில் ஆளில்லை. பெட்டை மறுபடி சினைத்திருப்பதைக் கண்டு காலையிலிருந்தே ஸ்டூலைப் போட்டுத் தொட்டி முன் உட்கார்ந்திருந்தார். இந்தத் தரம் எழுந்து ஓடவில்லை. முட்டைக் கட்டி வெளியே வந்தது. ஆண் மீன் திரும்பி ஒரே கவ்வாகக் கவ்வியது. இரண்டு மூன்று தரம் வாய்க்குள்ளேயே உருட்டிச் சரிசெய்தது. தாடை புடைத்தது. கண் சிமிட்டுகிற நேரத்தில் எல்லாம் முடிந்து, தொட்டி ஐப்பசியில் இருந்தது போலவே ஒன்றும் தெரியாத தொட்டியாகிவிட்டது.

தொட்டியில் ஏதாவது விசேஷம் நடந்தால் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து ஒரு கம்பியில் குத்திவைக்கிற பழக்கம் பச்சைமுத்துவுக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது. அந்தத் தாளை முதலாவதாகக் கிழித்துக் குத்தினார். சட்டையை மாட்டிக்கொண்டு மழையிலேயே பஸ் நிலையத்துக்குப் போனார். விழுப்புரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தான். என்னவென்று சொல்வது? முட்டை மீன் வாயில் இருந்ததென்று, அண்ணனும் அண்ணியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நிற்கிற இடத்தில், கையில் துணி சுற்றியவளிடம் சொல்வதா? நாளைக்குப் போகலாம் என்று திரும்பிவிட்டார். மறுநாளும் நாளைக்கு என்றார். அப்படியே கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று.

தை பிறந்து ஒரு வாரத்தில் தேவநாதனே தங்கையை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ரயில்வே நீலச் சட்டை, தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. வயதில் பச்சைமுத்துவுக்கு மூத்தவர். "மாப்ள, நடந்தது நடந்து போச்சு. பொம்பளப் புள்ள, தெரியாம கைய வுட்டுட்டிருக்கும். பயந்துக்கினு சொல்லாம வுட்டிருக்கும். அதுக்காவ நான் உங்க கால்ல வுழுந்து கேட்டுக்கறேன்" என்று நிஜமாகவே குனிந்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கிருஷ்ணவேணி வாசற்படிக்குக் கீழே துணி மூட்டையோடு தலை குனிந்து நின்றாள். பச்சைமுத்து மச்சானின் தோளைப் பிடித்து நிமிர்த்தி, "போவட்டும் வுடுங்க மச்சான்" என்றார். செய்யாத தப்புக்கு அவளை மன்னித்தார். அன்றிலிருந்து அந்த மூன்று சொல் அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டிருக்கிறது.

கிருஷ்ணவேணி வந்த நாளிலிருந்து தொட்டிப் பக்கம் திரும்புவதில்லை. சமைக்கிறாள், போடுகிறாள், பெருமுக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கிற மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். புருஷனிடம் கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அவர் அவளுக்குத் தண்ணீர் இறைத்து வைக்கிறார். விறகு பிளக்கிறார். தட்டில் விழுந்ததைச் சாப்பிடுகிறார். ஒரு நாள் அவளே பொறுக்க முடியாமல், "இன்னா, ஒடம்பு கிடம்பு செரியில்லயா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்று குடத்தை எடுத்துக்கொண்டு நழுவினார்.

சாமான் வாங்க மாதத்துக்கு ஒரு நடை விழுப்புரம் போக வேண்டியிருக்கிறது. ரயிலடிப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டுதான் போவார். அப்படியும் ஒரு நாள் டீக்கடையில் தேவநாதன் பிடித்துக்கொண்டார். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "எந் தங்கச்சி இப்பல்லாம் ஒழுங்கா நடந்துக்குதா மாப்ள?" என்று தணிந்த குரலில் கேட்டார். பச்சைமுத்து வடையை மென்றுகொண்டே இருந்தார். "உங்க மாதிரிப் பெரிய மனசு யாருக்கு வரும்? வேற ஒருத்தனா இருந்தா ஏத்துக்குவானா?" என்றார் தேவநாதன். அந்த வடையைப் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு சுவரோரம் நின்று வாந்தி எடுத்தார்.

இந்த வருஷம் சித்திரையில் வெங்கடாசலம் என்று ஒரு வாத்தியார் வந்தார். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லித் தருகிறவர். மரக்காணத்துக்கு மீன் சேகரிக்கப் போகிற வழியில், உப்பு லாரிக்காகக் காத்திருந்தபோது தொட்டியைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவர் மரக்காணம் போகவே இல்லை. கண்ணாடியில் மூக்கு படும்படி உட்கார்ந்து பார்த்தார். "வீட்டுத் தொட்டியில் இந்த மீன் வாயில் அடைகாத்ததை நான் எங்கும் படித்ததில்லை ஐயா. உங்கள் பெயரைப் போட்டு ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறேன்" என்றார். பச்சைமுத்துவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "முதன்முதலில் எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று மட்டும் சரியாக வேண்டும். தேதி பிசகினால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். அடுத்த புதன்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். புல்லரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

கம்பியில் தாள்கள் வரிசையாக இருந்தன. அடியில் கார்த்திகை பன்னிரண்டு. அதற்கு மேலே மாசி மாதத்துத் தாள். மாசி என்று சொன்னால் ஒரு தொல்லையும் இல்லை. அவள் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது, பழையதைக் கிளற வேண்டாமென்று சும்மா இருந்துவிட்டேன் என்று ஒரு நாள் தணிவாகச் சொல்லிக்கொள்ளலாம். அவள் நம்புவாள். புதன்கிழமை காலை பச்சைமுத்து தாள்களை எல்லாம் உருவி, அடித்தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றதைத் திரும்பவும் கம்பியில் கோத்தார். அன்றைக்குத் தண்ணீரை நாக்கில் வைத்தபோது ருசி பிடிபடவில்லை.

வாத்தியார் வந்தார். நோட்டைத் திறந்தார். கிருஷ்ணவேணி இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் பெயர் அச்சில் வரப் போகிறது. இந்த ஆண் மீன் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர் இவர்" என்று அவர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்.

கிருஷ்ணவேணி காப்பியைக் கொடுக்கவில்லை. "வாயிலயா?" என்றாள்.

"ஆமாம்மா. முட்டை வெளியே வந்த மறு நிமிஷம் வாய்க்குள் போய்விடும். ஐயா, தேதி?"

"மாசி" என்றார் பச்சைமுத்து. "அம்பத்தொம்பது மாசி."

பேனா காகிதத்தில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. அவர் மனைவியின் பக்கம் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. தொட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "எழுதாதீங்க சார்" என்றார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். "இதான் மொத தபா பாத்தது. மாசின்னது பொய்."

"என்ன தேதி அது?" என்று கேட்டவள் கிருஷ்ணவேணி. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

வாத்தியார் படித்தார்: "விளம்பி வருஷம், கார்த்திகை பன்னிரண்டு, வியாழக்கிழமை. ஐம்பத்தெட்டு, நவம்பர் இருபத்தேழு."

அவள் டம்ளர்களை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "நான் பொறப்பட்டுப் போனது ஐப்பசியில" என்று விரலை மடக்கினாள். "எங்கண்ணன் இட்டாந்து வுட்டது தையில."

"ஆமா" என்றார் பச்சைமுத்து.

"அண்ணன் உங்க கால்ல வுழ வந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ரெண்டு மாசமாத் தெரியும். எனக்கு வெக்கமா இருந்திச்சி வேணி. அன்னிக்கும் வெக்கம், இன்னிக்கும் வெக்கம்."

வாத்தியாருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் நோட்டை மூடிக்கொள்ளத் தெரிந்திருந்தது. எழுந்திருக்கப் போனவரை அவள் விடவில்லை. "அய்யா, அந்தத் தேதிய இன்னொரு தபா படிங்க" என்றாள். அவர் படித்தார். அவள் உதடு கூடவே அசைந்தது. பிறகு, "உங்ககிட்ட ஒரு கார்டு இருக்குமா?" என்று கேட்டாள். அவர் பையில் தபால் கார்டு இருந்தது. "யாருக்கம்மா? சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்."

"நீங்க எழுத வாணாம். அவுரு எழுதட்டும். வெளுப்புரத்துக்கு, எங்கண்ணனுக்கு."

பச்சைமுத்து தொட்டி மேசையின் ஓரத்திலேயே கார்டை வைத்துக் குனிந்தார். வாத்தியாரின் பேனாவை வாங்கிக்கொண்டார். 'அன்புள்ள மச்சான் தேவநாதன் அவர்களுக்கு' என்று எழுதிவிட்டு நின்றார். வெளியே சாலையில் ஒரு லாரி போக, ஜன்னல் வழியே புழுதியோடு அடித்த காற்றில் கார்டின் முனை தூக்கிப் படபடத்தது. அவர் எழுதவும் இல்லை, அதைப் பிடிக்கவும் இல்லை. கிருஷ்ணவேணி பக்கத்தில் வந்து நின்று, கார்டின் மேல்முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.